அச்சேறாத கடிதத்துக்கு இரண்டு கண்டனம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகை போடாததை மற்றது போடும். 'நீற்றொளி' சைவருடையது, 'வேதமணி' கிறிஸ்தவருடையது. ஒன்றையொன்று கண்டித்தே இரண்டும் இருபது வருஷம் வயிறு வளர்த்தன. ஆகவே ஆசிரியை குணலட்சுமியின் கடிதத்தை நீற்றொளி திருப்பிக் கொடுத்தபோது அவள் கவலைப்படவில்லை. நேரே வேதமணிக்கு நடந்தாள்.

கடிதத்தில் பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. நீர்வேலிப் பக்கம் அவள் படிப்பிக்கும் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் சாதியின் பேரால் நிலத்தில் இருத்தப்பட்டிருந்தார்கள். எல்லாரையும் வாங்குப் பலகையில் சமமாக இருத்தும்படி அரசாங்கம் உத்தரவிட்டு ஏழு வருஷம். பள்ளிக்கூட முகாமையாளர் இராசநாயகத்தார் உத்தரவை வாசித்து முடிக்கவில்லை போலும். நீற்றொளியும் அவருடையதுதான்.

"போன மாதம் கொண்டு வந்திருந்தால் முன்பக்கத்திலை போட்டிருப்பன், ரீச்சர்," என்றான் வேதமணி மனேச்சர் லியோன். "இப்ப எங்கடை முதலாளியும் இராசநாயகத்தார்தான்."

"அவர் எப்ப கிறிஸ்து வேதத்துக்கு மாறினவர்?"

"அவர் மாறேல்லை. பத்திரிகைதான் மாறினது. பருத்தித்துறைக்குப் பேப்பர் கொண்டு போற பஸ்ஸும், கொழும்புத் தந்திச் செய்தியும் அவருக்குத்தான். அவரைக் கேளாமல் வாய் திறக்கிற இடம் இனிப் பல்லுக் கழட்டுற இடம் ஒண்டுதான்."

"அப்ப நான் தந்த கடிதத்தைத் திருப்பித் தாரும்."

"அதை முத்துக்குமாருப் புலவர் வாசிக்கிறார். ரெண்டு பேப்பருக்கும் இப்ப அவர்தான் எழுத்து. காலமை திருநீறு பூசிக்கொண்டு எங்களைத் திட்டுவார், மத்தியானம் எங்கடை மேசையிலை இருந்து அவங்களைத் திட்டுவார்."

குணலட்சுமி விடவில்லை. பத்திரிகை, பஸ், தந்தி எல்லாம் ஒரே கையில் என்று கொழும்புக்கு மனுப் போட்டாள். விசாரணைக்கு ஒரு துரை வந்தார். இராசநாயகத்தார் வீட்டில் விருந்து முடிந்ததும் இரண்டு பத்திரிகைகளையும் விரித்து வைத்தார்கள். ஒன்று மற்றதைப் பொய்யன் என்றது. மற்றது அதைப் புளுகன் என்றது. துரை எழுதினார்: 'போட்டி மிகக் கடுமையாக இருக்கிறது. சற்றுக் குறைத்தால் நல்லது.'

இராசநாயகத்தார் குறைக்கவில்லை. துரை திரும்பி வந்தாலும் வரலாம் என்று, இன்னும் உறைப்பாகச் சண்டை பிடிக்கச் சொன்னார். முத்துக்குமாருப் புலவருக்குச் சரக்குத் தீர்ந்து போயிற்று. கையில் கிடந்தது குணலட்சுமியின் கடிதம். முதலாளியின் மனமும் குளிரட்டும் என்று பேனையை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை நீற்றொளி முழங்கியது: 'நிலத்தில் பிள்ளைகள் என்று ஒரு படித்த பெண் எழுதிய கடிதம் அபாண்டம். அனைவரும் வாங்கிலேயே இருக்கின்றனர்.' வேதமணி விடுமா? 'அக்கடிதத்தை முதலில் மறுத்தவர்கள் நாமே!'

கடிதம் மட்டும் எதிலும் இல்லை.

கண்டனத்தைக் கண்டுவிட்டு மூலத்தைத் தேடாமல் யாழ்ப்பாணத்தான் சோறு தின்னமாட்டான். எழுதியது யாரென்று விசாரித்தறிந்து, சனிக்கிழமை விடியவே குணலட்சுமி வீட்டு வாசற் படலையடியில் சனம். இணுவிலிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் மூச்சு வாங்கினார்.

"பிள்ளை, உந்தக் கடிதத்திலை என்னதான் எழுதினனீர்?"

"கடிதம் அவையளிட்டைக் கிடக்குது, ஐயா. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாருங்கோ. கண்ணாலை வாசிக்கலாம்."

அந்தச் செய்தி பத்திரிகையோ தந்தியோ இல்லாமலே ஞாயிற்றுக்கிழமைக்குள் இராசநாயகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. திங்கள் காலை பத்திரிகை பஸ் பள்ளிக்கூட வாசலில் நின்றது. உள்ளேயிருந்து நான்கு வாங்குகள் இறங்கின. முதுகில் 'வேதமணிக் கந்தோர்' என்று அலுவலகத்தின் பெயர் அப்படியே எழுதியிருந்தது. யன்னல்களில் சனம் எட்டிப் பார்க்க, பதினொரு பேரும் ஏறி இருந்தார்கள்.

வேலைநீக்கக் கடிதம் பத்து மணிக்கு வந்தது. குணலட்சுமி அதை வாசித்தாள். நாலு மணியிலிருந்து வேலையில்லை என்று இருந்தது. நாலு மணிக்கு இன்னும் ஆறு மணித்தியாலம். கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள்.