நீயே எழுதிக்கொண்டு வா

தையல்காரியின் சின்னவளுக்குத் தெருவில் 'ஓசி குமாஸ்தா' என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் பக்கத்து வீட்டைக் கை காட்டுவார்கள். படித்து முடித்த கையோடு முதியோர் உதவி மையத்தில் சேர்ந்து, ஒரு வருடமாகச் சம்பளமில்லாமல் மனு எழுதிக் கொடுப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இப்போது ஓய்வூதிய அலுவலகத்தில் கவுண்டர் வேலைக்கு நேர்காணல் வந்திருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு. மையத்தில் என்னென்ன செய்தாள் என்று தலைவரின் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் வாசலோடு சரி. தலைவர் பெருந்தன்மையானவர். நீயே எழுதிக்கொண்டு வா, ஐந்து மணிக்குள் வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றுவிட்டார்.

ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவளுக்குத் தன்னைப் பற்றி மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை. 'ஓராண்டு பணிபுரிந்தார். நேரம் தவறாதவர். நன்னடத்தை உடையவர்.' நாய்க்குட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பவர்கள்கூட இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள். பேனாவை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். கண் எரிந்தது. போகாமலே இருந்துவிடலாம் போலிருந்தது.

காலையிலிருந்து பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்து, அம்மாவுக்கும் கை மரத்துப் போயிருந்தது.

"ஒரு வருஷமா அங்க போயி என்னதாண்டி கிழிச்ச?"

அவ்வளவுதான், சின்னவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். இரண்டு அடையாள அட்டைகளில் இரண்டு பிறந்த வருடம் வைத்திருந்த காவலாளிக்காக அதே ஓய்வூதிய அலுவலகத்துக்குப் பதினோரு முறை நடந்தது. காது கேட்காத பெரியவரிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, பிறகு எழுதிக் காட்டப் பழகியது. பட்டியலில் செத்துப்போயிருந்த பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அதிகாரி முன்னால் உட்கார வைத்தது. பக்கத்து வீட்டில் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள்.

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "இதையே எழுதித் தொலையேன்."

நாலே முக்காலுக்குத் தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இதெல்லாம் நம்ம மையத்துலயாம்மா நடந்துச்சு?" என்று கேட்டுக் கையெழுத்திட்டார். ஆண்டறிக்கைக்கு ஆகும் என்று ஒரு நகலும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நேர்காணல் அறையில் பெண் அதிகாரி கடிதத்திலிருந்து நிமிர்ந்தார். "உயிரோட இருக்கறவங்கள செத்துட்டாங்கன்னு பதிஞ்சிட்டா என்ன செய்யணும்?"

"நீலப் படிவம் கொடுக்கணும் மேடம். கவுண்டர்ல தீந்துபோச்சும்பாங்க. பின் ரூம்ல மூணாவது அலமாரி, அடித்தட்டுல இருக்கும்."

அதிகாரி உதவியாளரை அனுப்பினார். அவர் ஒரு கட்டு நீலப் படிவத்தோடு தும்மிக்கொண்டே திரும்பினார். அதிகாரி சிரிக்கவில்லை, பதினாறு வருடம் அங்கே குப்பை கொட்டியவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

"நாளைக்கே சேர முடியுமா?"

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். சின்னவளுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே தெம்பில்லை.

"ஒரு நாள் தூங்கிட்டு வரட்டுமா மேடம்?"

"ரெண்டு நாளாவே தூங்கிட்டு வாங்க," என்றார் அதிகாரி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.