தளர முடியாத தசை

அண்ணனின் இதயம் ஆய்வகத்துக்கு வந்தபோது அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பனிக்கட்டிப் பெட்டியில் பெயர் இல்லை. ஆனால் எதிர்க்கட்டிட மருத்துவமனையில் அன்று ஒரே ஒரு இதய மாற்று அறுவைச் சிகிச்சைதான், அது அண்ணனுக்கு. வேறு யாராவது பார்க்கட்டும், வீட்டுக்குப் போ என்றார் ஆய்வகத் தலைவர். செல்கள் காத்திருக்காது என்று சொல்லிவிட்டு அவளே கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். படுத்தால் மூச்சு முட்டும் என்று கடைசி வருடம் முழுக்க உட்கார்ந்தபடியே தூங்கியவன். பழைய இதயத்தை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதித்தவன் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: அது ஏன் மக்கர் பண்ணியது, மகளுக்கும் வருமா?

நுண்ணோக்கியின் கீழ், கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தில், செல்கள் துடித்தன. நல்ல செல் பளிச்சென்று மின்னி அணையும். இவை மங்கலாக மின்னின. அணைய மனமில்லாமல் இழுத்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் உள்ள சேமிப்புப் பையிலிருந்து வெளியே வரும் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் இழுக்கும் புரதம் குறைந்திருந்தது. அதன் மரபணு அடங்கிப்போனதை அடுத்த வாரச் சோதனை காட்டியது. கருவில் வேலை பார்த்துவிட்டு ஓய்ந்த மரபணுக்களோ மறுபடி விழித்திருந்தன. பழுதான இதயங்களில் இப்படித்தான் ஆகும் என்று எத்தனையோ கட்டுரைகளில் அவளே எழுதியதுதான். இந்த முறை வாசிக்கவே அலுப்பாக இருந்தது.

முகக்கவசத்தோடு அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்தாள். புது இதயத்தின் தயவில் அவன் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

"ஏன் கெட்டுச்சுன்னு இதுல தெரியாதுண்ணா. கெட்டப்புறம் எப்படி ஓடுச்சுன்னுதான் தெரியும்."

"எப்படி ஓடுச்சு?"

"சுருங்கிட்டு, சட்டுனு தளர முடியல அதால. ஒரு துடிப்பு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துரும்."

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "லீவே குடுக்காம டபுள் ட்யூட்டி பாத்திருக்கு, பாவம்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு, இது பரம்பரையாக வருமா என்று அறிய அவன் மகளுக்குத் தனியாக ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றாள். அண்ணி பயந்து தள்ளிப்போடுவதை அவனும் அறிவான்.

"நீயே கூட்டிட்டுப் போ. உங்க அண்ணிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே, வாகனங்களுக்கு நடுவே பள்ளிச் சீருடையில் அண்ணன் மகள் வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் நின்றாள். பையைத் தரையில் வைத்து, ஒரு காரின் மேல் கையை ஊன்றிக் குனிந்தாள். செருப்பில் கல் ஏதாவது மாட்டியிருக்கலாம். அத்தை கண்ணாடியில் நெற்றியை வைத்து, அவள் நிமிர்வதற்காகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.