சபைக்கு வெளியே

பொதுப்பணித் துறை இன்ஜினியர் சேஷாத்ரியை லஞ்சப் பேர்வழி என்று சட்டசபையில் சொன்னார் ஓர் எம்.எல்.ஏ.

"சபைக்குள்ள பேசினதுக்குக் கேஸ் போட முடியாது சார். வெளியில ஒரு தடவை சொல்லட்டும், பிடிச்சுடலாம்" என்றார் வக்கீல்.

நான்கு வருஷமாக அந்த ஆள் பேசும் கூட்டத்துக்கெல்லாம் சட்டைப்பையில் டேப் ரிக்கார்டரோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார் சேஷாத்ரி. அவர் பேச்சையே எடுக்கவில்லை அந்த ஆள்.

நேற்று மல்லேஸ்வரம் கூட்டத்தில் எம்.எல்.ஏ. மேடையிலிருந்து இறங்கி, நேரே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பதறிப்போன சேஷாத்ரிக்கு என்ன பேசினோம் என்றே நினைவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவி ரமாவின் எதிரில் டேப்பை ஓடவிட்டார்.

"நமஸ்காரா சார், சௌக்கியமா? உங்கள மாதிரி நேர்மையானவங்க இப்ப எங்க இருக்காங்க?"

அடுத்துக் கேட்டது சேஷாத்ரியின் குரல்தான், குழைந்துபோய்:

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்."