பின்பக்கத்து முள் இறப்பர்

காரைதீவுக் குணம் கனடாவிலுள்ள மகளிடம் போய் எட்டு மாதமாகிறது. அதோடு முர்ஷித்துக்கு அசர் தொழுகைக்குப் பிந்திய பின்னேரப் பொழுது போகாமலாயிற்று. நாளும் நில அளவை வேலை முடிந்ததும் நிந்தவூர்க் கழகத்தில் பதினெட்டு வருடம் இருவருமாக மேசைப்பந்து ஆடியவர்கள். மனைவி மௌத்தான பிறகு வீட்டிலும் கதைக்க ஆளில்லை.

குணம் ஒரு மட்டை அனுப்பியிருந்தார். மரத்தட்டுகளுக்கிடையே காபன் இழை வைத்தது, இறப்பர் ஒட்டாதது. முர்ஷித் முதலில் மெல்லிய, துள்ளும் இறப்பரை ஒட்டினார். தொட்டாலே பந்து மேசையைத் தாண்டிப் பறந்தது. அடுத்து ஒட்டுப்பிடிப்புள்ள கட்டி இறப்பர். பந்து தாழ்ந்து சுழன்று விழுந்தது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் தோளோடு வீச வேண்டும். ஐம்பத்திரண்டு வயதுத் தோள் இரண்டே நாளில் மறுத்துவிட்டது. கடைசியில் மட்டையின் பின்பக்கத்துக்கு, மேலெல்லாம் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் முள் இறப்பர் ஒட்டினார். வீசவே தேவையில்லை. சும்மா மறித்தால் போதும், எதிராளி கொடுத்த சுழற்சி தலைகீழாய் அவனிடமே திரும்பியது.

கழகத்து இளசுகளில் இன்பாஸைப் பதினொன்றுக்கு மூன்றில் வென்றார். ஸிராஜை இரண்டில்.

"உங்களோட விளையாடேலா நானா," என்றான் இன்பாஸ். "பந்து எங்க போகுமெண்டே விளங்குதில்ல."

மூன்றாம் நாள் எல்லோரும் கேரம் பலகையைச் சுற்றியிருந்தார்கள். முர்ஷித் மட்டையோடு மேசையருகே நின்றார். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்கும்வரை ஒருவரும் எழும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்து முள் இறப்பரை நகத்தால் கிளப்பி உரித்தார். இரு பக்கமும் அந்த மெல்லிய இறப்பரையே ஒட்டினார்.

மறுநாள் நாலு ஆட்டம் தோற்றார். அவர் அடித்த பந்து யன்னலில் பட்டது, மின்விசிறியில் பட்டது. ஸிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இண்டைக்குத்தான் நானா நல்லா விளையாடினீங்க," என்றான் இன்பாஸ். "நாளைக்கும் வாங்க."

"ஓம், வாறன்."

அன்று கனடாவிலிருந்து குணம் போன் எடுத்தார். "எந்த இறப்பர் மச்சான் சரிவந்திச்சு?"

முர்ஷித் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"நான் அங்க இருந்தா அந்த முள்ளுக்கு மறுமொழி அடிச்சிருப்பன்."

"தெரியும்டா."

போனை வைக்க இருவருக்கும் மனமில்லை.