கம்பளி சாக்ஸ்

அந்தக் குட்டித் தீவில் மட்டுமே முளைக்கிற செடி அது. உலகத்திலேயே பத்தொன்பதுதான் மிச்சம். அதன் விதையைக் கொண்டுவந்து நாற்றங்காலில் வளர்ப்பது என் வேலை. எனக்குப் படகு ஓட்டுவது என் கொழுந்தனார்.

வெளியூர்க் களைவிதை ஒன்றுகூடத் தீவுக்குள் நுழையக் கூடாது. அன்று பார்த்து மனுஷர் கம்பளி சாக்ஸ் போட்டு வந்தார். படகிலேயே உட்காரவைத்து, ஒட்டியிருந்ததையெல்லாம் இடுக்கியால் பொறுக்கினேன்.

"பேன் பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்களே அண்ணி!"

"வாயை மூடிக்கிட்டுக் காலை நீட்டுங்க தம்பி."

கரையேறியதும் செடி செடியாகத் தேடினேன். காயெல்லாம் வெடித்துக் காலியாக இருந்தது. விதை எங்கே உதிர்ந்தது என்றே தெரியவில்லை. அவரோ ஷூவைக் கழற்றிவிட்டுச் செடிகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டார். திரும்பும் வழியெல்லாம் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாற்றங்கால் வாசலில் ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் முழுக்கப் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியை எடுத்தேன். பதினோரு விதைகள், சாட்சாத் அந்தச் செடியின் விதைகள்!

"சாக்ஸைத் துவைக்கப் போட்டுடவா அண்ணி?"

"துவைச்சீங்கன்னா தெரியும் சேதி!"

அடுத்த வாரம் மறுபடி போகிறோம். பொறுக்குகிற வேலை எனக்கு, தூங்குகிற வேலை அவருக்கு.