எட்டாவது துளை

"கடல் நூத்தியிருபத்தஞ்சு சென்டிமீட்டர் ஏறியிருக்குது. கரையை வெட்டச் சொல்லு" என்று உப்பள ஆபீஸில் நாடா பார்க்கும் அந்தோணிதாஸிடம் சொல்லிவிட்டு மெட்ராஸ் இன்ஜினீயர் போனை வைத்ததும், மேஸ்திரி தனகோடி ஆட்களோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏற்பாடு அதுதான். கடல் வழக்கமான மட்டக் குறிக்கு மேல் ஒரு மீட்டர் தாண்டினால் உப்பங்கழிக்கும் உப்பளத்துக்கும் நடுவிலுள்ள கரையை வெட்டிவிட வேண்டும். தண்ணீர் குப்பத்துக்குள் புகாமல் பாத்திகளில் பரவும். முதல் பாத்திகளில் அந்தோணிதாஸின் அக்கா அன்னமேரி வாரிய உப்பு அள்ளாமல் கிடந்தது.

முகத்துவாரத்து மிதவை சொல்லும் அளவை ஆபீஸ் பொறி மணிக்கொருமுறை காகித நாடாவில் துளையிடும். வரிசைக்கு எட்டுத் துளைகளுக்கு இடம். முதல் ஏழுக்கும் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்து அறுபத்துநான்கு வரை மதிப்பு. ஓரத்து எட்டாவதற்கு மட்டும் மைனஸ் நூற்றிருபத்தெட்டு. கடல் குறிக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே போனால் அந்தத் துளையும் விழும், நூற்றிருபத்தைந்துக்கான துளைகளும் விழும். கூட்டினால் மைனஸ் மூன்று.

நூற்றிருபத்தைந்து. அந்தோணிதாஸ் நாடாவை இழுத்துப் பார்த்தான்.

காலையில் உப்புக்காற்றில் நாடாவின் ஓரம் நைந்திருந்தது. உப்பளத்தில் பிறந்தவன் கசிவைப் பார்த்தால் யோசிக்கமாட்டான், சேற்றை அப்புவான். அவனும் சோற்றுப் பசை தடவிக் காகிதம் ஒட்டித்தான் நாடாவை அனுப்பும் பொறியில் மெட்ராஸுக்கு ஓட்டினான்.

ஒட்டியதை உரித்தான். அடியில் இருந்தது எட்டாவது துளையா வெறும் கிழிசலா, தெரியவில்லை. அதற்கு முந்தைய வரிசை நன்றாக இருந்தது: எட்டாவது துளையோடு மைனஸ் இரண்டு. ஒரு மணி நேரத்தில் கடல் அவ்வளவு ஏறாது. ஏறாது என்று நினைத்தான். வெளியே காற்று சீறியது.

முகத்துவாரம் ஒரு பக்கம், கரை இன்னொரு பக்கம். கடலைப் பார்த்துவிட்டு வர நேரமில்லை. கரைக்கு ஓடினான்.

கரையை வெட்டி வாய் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது.

"மூடுங்க! மூடுங்கண்ணே!"

"ஏம்பா, வெட்டுன்றான் ஒருத்தன், மூடுன்றான் ஒருத்தன். மெட்ராஸ் பெருசா, நீ பெருசா?"

"நாடாவுல இருந்த ஓட்டையை நான் அடைச்சிட்டேன். கடல் கீழதான் இருக்குது."

"போய்ப் பாத்தியா?"

"இல்ல."

தனகோடி அவனை முறைத்தார். "குப்பம் முழுகிச்சுன்னா?"

"என்னை வெட்டி இதுலயே போட்டு மூடுங்க."

பாத்தி ஓரம் நின்ற அன்னமேரி யாரையும் கேட்கவில்லை. இறங்கிச் சேற்றை வாரிப் போட ஆரம்பித்தாள். ஆட்களும் இறங்கினார்கள்.

அடைத்து முடித்தும் அந்தோணிதாஸ் குப்பம் இருக்கும் திசையையே பார்த்தபடி நின்றான். யாராவது கத்தினால் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் எக்கியார்குப்பத்துச் சிங்காரம் கடற்கரைப் பக்கமிருந்து மீன்கூடையோடு சைக்கிளில் வந்தான்.

"கடலா? உள்ள வாங்கிக் கிடக்குது. ஏன், எல்லாரும் எழவு வூட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

அந்தோணிதாஸ் கரைமேலேயே உட்கார்ந்தான். எதிரே முதல் பாத்தியில் உப்பு கரைந்து சாம்பல் நிறத்தில் நின்றது.

"ரெண்டு பாத்தி போச்சு," என்றாள் அன்னமேரி. "இனிமே எதை அடைச்சாலும் அது என்ன ஓட்டைன்னு பாத்துட்டு அடைடா."

உப்பு வாரும் பலகையை அவன் முன்னால் போட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.