சுண்டுவிரல் குட்டையான கை

மூன்று முறை பட்டிப் பசை நிரப்பியும் அந்தக் கை திரும்ப வந்திருந்தது. விமானத்தின் வலது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, கருப்பாக.

ஆர்டித் உப்புத்தாள் ஒட்டிய நீளப் பலகையைக் கீழே வைத்துவிட்டு அதை முறைத்தாள். காய்ந்த பட்டியின் மேல் கருப்புச் சாயத்தைப் புகைபோல் அடித்துப் பலகையால் தேய்த்தால், மேடெல்லாம் வெளுத்துவிடும். பள்ளத்தில் மட்டும் கருப்பு தங்கும். பொய் சொல்லத் தெரியாத சாயம் அது. தங்கிய இடத்தில் மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. இடது இறக்கை இரண்டே சுற்றில் முட்டை ஓடு மாதிரி வழவழத்துவிட்டது. வலதுதான் அவள் உயிரை எடுத்தது.

விமானம் அவள் கணவர் டெல்மர் ஒன்பது வருஷம் கட்டியது. கெட்டி நுரைப்பலகையை இறக்கையாக அறுத்து, கண்ணாடி நார்த்துணியைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன், இதே கொட்டகையில், மனிதர் வேலைக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மிச்சத்தை ஆர்டித் கையில் எடுத்தாள். வெள்ளை அடித்துவிட்டால் முடிந்தது. இன்னும் இருபது நாளில் மகள் கொரின் வருகிறாள். அப்பாவின் விமானத்தை முதன்முதலாக மேலே ஏற்றப்போவது அவள்தான், தன்னந்தனியாக.

பக்கத்துக் கொட்டகை பர்ல் காபிக் குவளையோடு வந்தார். இரண்டு விமானம் கட்டிப் பறந்தவர். வெயிலுக்குப் பட்டி இறங்கும், பாலைவனத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஆரம்பித்தவர், அந்தக் கையைக் கிட்டத்தில் பார்த்ததும் குவளையைக் கீழே வைத்தார்.

"டெல்மர் கைதான். அங்க ஊனிக்கிட்டுத்தான எப்பவும் கதையளப்பான்? உங்களத் தொடவிட மாட்டேங்கிறான் போல, ஆர்டித்."

கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்னவரே சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இறக்கைப் பக்கம் வராமல் வால்பக்கமாகச் சுற்றியே போனார்.

ஆர்டித்துக்குப் பயமாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. நான்காவது முறை நிரப்பினாள். மறுநாள் காலை தேய்த்தாள். கை வந்தது. கூடவே அவளுக்கு முழங்கை வரை அரிப்பும் வந்தது. அதுதான் வினோதம். பட்டித் தூள் அரிக்காது. கண்ணாடி நார்த் தூள்தான் அரிக்கும். அவளோ நாரைத் தொடவே இல்லை.

சொறிந்துகொண்டே, டெல்மரின் கை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பார்க்கத் தன் கையை அந்தக் கருப்பின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. டெல்மரின் கை முறம் மாதிரி இருக்கும். அவளுடைய சுண்டுவிரல் நுனியைச் சின்ன வயதில் ஒரு ரம்பம் கொண்டுபோயிருந்தது. இறக்கையிலும் சுண்டுவிரல் அதே இடத்தில் முடிந்தது.

அடக் கடவுளே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டெல்மர் சாவதற்கு ஆறு வாரம் முன்பு, அவர் பிசின் வாங்கப் போயிருந்த மதியம். இறக்கையில் ஒரு மேடு அவள் கண்ணை உறுத்தியது. அவர் வருவதற்குள் வழவழப்பாக்கி அசத்திவிடலாம் என்று, பலகைகூட இல்லாமல், வெறும் கையில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். மேட்டைத் தேய்க்காதே, பள்ளத்தை நிரப்பு என்று அவர் நூறு தடவை சொல்லியிருந்தார். அந்த மேடுதான் இறக்கையின் முதுகெலும்பு. பாரம் தாங்கும் துணி அடுக்கு. தேய்த்த பள்ளத்தைப் பட்டியால் மூடினாள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி. மூன்று நாள் கை அரித்தது. தக்காளிச் செடி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொன்னாள். பட்டியைத்தானே தேய்த்தோம் என்று தனக்கும் சொல்லிச் சொல்லி, அதையே நம்பியும்விட்டாள்.

அன்று ஐந்தாவது முறை நிரப்பினாள். ஏன் நிரப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் காலையில் தேய்த்தபோது கருப்பு முழுக்கப் போய்விட்டது. கை இல்லை. வெள்ளை, வழவழப்பு, ஒரு சுருக்கம் இல்லை.

பர்ல் இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "விட்டுட்டான் பாருங்க. இன்னிக்கே பெயின்ட் அடிச்சிரலாம்," என்றார்.

அடித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆர்டித் உளியை எடுத்து அதே இடத்தில் இறக்கினாள். பைத்தியமா உங்களுக்கு என்று கையைப் பிடிக்க வந்த பர்ல், பட்டி பெயர்ந்ததும் கையை இழுத்துக்கொண்டார். அடியில் அவள் விரல்கள் அழுந்திய ஐந்து உழவுசால். துணி அடுக்குகள் அறுந்து, நார் நாராக நின்றன. இந்த இறக்கையோடு ஏறியிருந்தால் கொரின் இறங்கியிருக்க மாட்டாள்.

மகளுக்கு ஃபோன் போட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள். சொன்ன நாளில் பறக்க முடியாது, இறக்கையைப் பிளந்து கட்டணும் என்றாள்.

"அப்பாவுக்குத் தெரியும்மா," என்றாள் கொரின். "கடைசியாப் பேசுறப்ப சொன்னாரு. 'உங்கம்மா என்கிட்ட ஒண்ண மறைக்கிறா. அவளா வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் வலது இறக்கையத் தொடமாட்டேன்'னு. என்னன்னு எனக்குச் சொல்லல."

அந்த ஆறு வாரமும் அவர் இடது இறக்கையையே தேய்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இன்னிக்குக் காலை வரைக்கும் காத்துட்டு இருந்தாரு," என்றாள் ஆர்டித்.

முழங்கை வரை கண்ணாடித் தூள் அப்பியிருந்தது. கொஞ்சம்கூட அரிக்கவில்லை.